மிச்சிகன்ல காலேஜ் ஃபுட்பால் மேட்ச் பாத்தேன் (அமெரிக்கன் ஃபுட்பால், நம்ம கால்பந்து இல்ல), ஒரு காலேஜ் டீமுக்கு இவ்வளவு கூட்டம் எப்படி? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

ரிட்டயர்டு_பிடி_வாத்தியார்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கோவில்பட்டி பக்கம் ஒரு ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன், ஹாக்கியும் வாலிபாலும் சொல்லிக் கொடுத்திருக்கேன். மக ஆன் ஆர்பர்ல இருக்கா, பேத்தி பிறந்ததுனால நானும் வீட்டம்மாவும் வந்து தங்கியிருக்கோம். மருமகன் கூட வேலை பாக்குற ஒருத்தர் ரெண்டு டிக்கெட் கொடுத்தாருன்னு மிச்சிகன் யுனிவர்சிட்டி மேட்சுக்கு என்னைக் கூட்டிட்டுப் போனாரு. அன்னிலேர்ந்து மனசுல அதேதான் ஓடிக்கிட்டு இருக்கு.

மத்தியானம் 12 மணிக்கு மேட்ச், காலைல எட்டு மணிக்கே ஊரு முழுக்க மஞ்சளும் நீலமும். ஸ்டேடியத்துக்கு எதுத்தாப்புல இருக்கிற ஹைஸ்கூல் மைதானம், பக்கத்துல கோல்ஃப் ஆடுற புல்வெளி எல்லாத்துலயும் காரை நிப்பாட்டி, பின் கதவைத் திறந்து வச்சு, அடுப்பு மூட்டி சமைக்கிறாங்க. எண்பது வயசு இருக்கும் ஒரு பாட்டி, முகத்துல சின்னதா மஞ்சள் கலர்ல எழுத்து வரைஞ்சிருக்காங்க, நாங்க யாருன்னே தெரியாது, கூப்பிட்டு தட்டுல சோளமும் உருளைக்கிழங்கும் வச்சுக் கொடுத்துட்டு "முதல் மேட்சா?"ன்னு மருமகன்கிட்ட கேட்டாங்க, ஆமான்னதும் என் கையைப் பிடிச்சு குலுக்கின குலுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

ரோட்டுல இருந்து பாத்தா ஸ்டேடியம் அவ்வளவு பெருசாத் தெரியல. உள்ள நுழைஞ்சா நாம மேல் விளிம்புல நிக்கிறோம், பள்ளம் கீழ கீழ போய்க்கிட்டே இருக்கு, அதுல தலை தலையா ஜனம். நாற்காலி கிடையாது, நீளமான பெஞ்சுதான், அதுல நம்பர் போட்டிருக்கு, ஒரு ஆளுக்கு ஒரு சாண் இடம், பின்னாடி இருக்கிறவர் முட்டி நம்ம முதுகுல இடிக்குது, யாரும் முகம் சுளிக்கல. பேண்ட் வாத்தியக்காரங்க இருநூறு பேருக்கு மேல சுரங்கப் பாதையில இருந்து ஓடி வர்றாங்க, நடந்து இல்ல, ஓட்டம்! முன்னாடி வர்ற பையன் பின்பக்கமா வில்லு மாதிரி வளைஞ்சு தலை தரையைத் தொட்டதும் அந்த லட்சம் பேரும் போட்ட சத்தத்துல எனக்கு நெஞ்சு அதிர்ந்துச்சு. அமெரிக்காவுலயே இன்னிக்கு ஃபுட்பால் பாக்குற பெரிய கூட்டத்துல நீங்களும் ஒருத்தர், நன்றின்னு மைக்ல சொன்னாங்க.

எனக்குப் பக்கத்துல ஒரு பெரியவர். அந்த சீட்டு அவங்க அப்பா காலத்துல இருந்து அவங்க குடும்பத்துக்கு வருதாம். மருமகன் வழியா கேட்டேன், நீங்க இந்த காலேஜ்ல படிச்சீங்களான்னு. இல்லையாம், கார் ஃபேக்டரில வேலை பாத்தவராம், வீட்டுல யாருமே அங்க படிக்கலையாம். ஆனா மூணாவது குவார்ட்டர்ல பந்தை விட்ட ஒரு பையனுக்காக, அவன் பேரைச் சொல்லி, பரவால்ல தம்பி பரவால்லன்னு சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டே இருந்தாரு, கண்ணு கலங்கிருச்சு அவருக்கு.

எனக்கு மூணு விஷயம் தெரியணும். படிக்காதவங்க கூட ஒரு காலேஜ் டீமை இப்படி சொந்தம் கொண்டாடுறது எப்படி வந்துச்சு? ஆடுற பசங்களுக்கு என்ன கிடைக்குது, படிப்பு என்ன ஆகுது? அப்புறம் ஆட்டம் ஏன் அஞ்சு செகண்ட் ஓடி நாப்பது செகண்ட் நிக்குது? 2025 நவம்பர் 29 ஓஹையோ மேட்ச் இங்கயே நடக்குதாம், அதுக்கு போகலாமா, குளிர் தாங்குமான்னும் சொல்லுங்க.

ஆன்_ஆர்பர்_ஆய்வு_மாணவி:

சார் வணக்கம், உங்க போஸ்ட்டைப் படிச்சு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, நான் இங்கதான் பி.எச்.டி. பண்றேன்.

முதல்ல ஆட்டத்தைச் சொல்லிடறேன், நீங்க கோச் அதனால சட்டுனு பிடிச்சுக்குவீங்க. பந்து வச்சிருக்கிற டீமுக்கு நாலு வாய்ப்பு, அதுக்குள்ள பத்து கெஜம் முன்னேறணும், முன்னேறிட்டா மறுபடி நாலு வாய்ப்பு, இல்லன்னா பந்து போயிடும். ஒவ்வொரு வாய்ப்பும் தனித்தனியா முன்கூட்டியே போட்ட திட்டம், பதினோரு பேருக்கும் யார் எங்க ஓடணும் யாரைத் தடுக்கணும்னு இருக்கு. அந்த நாப்பது செகண்ட்ல அடுத்த திட்டம் உள்ள போகுது, எதிர் டீம் அதைப் படிக்க முயற்சி பண்ணுது. பந்தைப் பாக்காதீங்க சார், அடுத்த தடவை முன் வரிசைல குனிஞ்சு நிக்கிற அஞ்சு குண்டு பசங்களைப் பாருங்க, அவங்க எந்தப் பக்கம் தள்றாங்களோ ஆட்டம் அங்கதான் போகும். அட்டாக் பண்ண ஒரு செட், தடுக்க ஒரு செட், உதைக்க ஒரு செட்டுன்னு இருக்கறதால ஒரு டீம்ல இப்போ 105 பேர் வரைக்கும் வச்சுக்கலாம். கடிகாரத்துல 60 நிமிஷ ஆட்டம்தான், டிவி விளம்பரத்துக்கும் நிறுத்தறதால மூணரை மணி நேரம் இழுக்குது.

இப்போ உங்க முதல் கேள்வி. இங்க ஆட்டம் பிறந்ததே காலேஜ்லதான். 1869 நவம்பர் 6ல ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடினதைத்தான் முதல் மேட்ச்னு சொல்வாங்க, 6க்கு 4ன்னு ரட்கர்ஸ் ஜெயிச்சது, அப்போ அது பந்தை உதைச்சு ஆடற மாதிரிதான் இருந்துச்சு. மிச்சிகன் 1879ல இருந்து ஆடுது. சம்பளத்துக்கு ஆடற தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். வந்ததே 1920ல. அதாவது அரை நூற்றாண்டு காலம் இந்த ஆட்டம்னாலே பெரும்பாலும் காலேஜ் ஆட்டம்தான், அதுக்குள்ள தாத்தா, அப்பா, பையன்னு பழகிப் போச்சு. மிச்சிகன் அரசு யுனிவர்சிட்டி வேற, மாநிலத்தோட பேரையே வச்சிருக்கு, அதனால உங்க பக்கத்துல உக்காந்த பெரியவருக்கு அது "யாரோ படிக்கிற இடம்" இல்ல, அவரோட மாநிலம் அவர் முன்னாடி சட்டை போட்டு ஆடுது.

ஸ்டேடியம் 1927ல கட்டினது. அப்போ இருந்த ஃபீல்டிங் யோஸ்ட்ங்கறவர், கோச்சா இருந்து அப்புறம் விளையாட்டுத் துறை தலைவரானவர், அன்னிக்கு 72,000 பேருக்கு கட்டும்போதே பின்னாடி ஒரு லட்சம் தாண்டி விரிவாக்கறதுக்கு அஸ்திவாரம் போட்டு வச்சாராம். இன்னிக்கு 1,07,601 சீட்டு. 1975 நவம்பர்ல இருந்து, கோவிட் வந்த 2020ஐ விட்டா, இங்க நடந்த ஒவ்வொரு மேட்சுக்கும் லட்சத்துக்கு மேல கூட்டம். பெரும்பகுதி தரைக்குக் கீழ தோண்டி கட்டினதாலதான் உங்களுக்கு ரோட்டுல இருந்து தெரியல.

இன்னொன்னு சார், நீங்க ஹாக்கி ஆளுன்னு சொன்னதும் எனக்குத் துள்ளிக் குதிக்கணும் போல இருந்துச்சு. இந்த யுனிவர்சிட்டிக்கு பெண்கள் ஹாக்கி டீம் இருக்கு, 2001ல தேசிய சாம்பியன். ஆக்கர் ஃபீல்டுன்னு கிரவுண்ட், சீசன் இதே இலையுதிர் காலத்துலதான். கண்டிப்பா போங்க, அங்க கோட்டுக்குப் பக்கத்துல நின்னு பாக்கலாம்.

கொலம்பஸ்_பக்கம்:

வாத்தியார் சார், நான் எதிரி ஊர்ல இருந்து எழுதறேன். ஓஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டி இருக்கிற கொலம்பஸ்ல ரொம்ப வருஷமா குடும்பத்தோட இருக்கோம், என் பையன் பிறந்ததே இங்கதான், அவனுக்கு மிச்சிகன்னு சொன்னாலே ஆகாது.

இந்தப் பகை ஃபுட்பாலுக்கும் முந்தினது. 1835ல டொலிடோன்னு ஒரு நிலப்பகுதி யாருக்குன்னு ரெண்டு பக்கமும் ஆளுங்களைத் திரட்டி எல்லைல நிறுத்தியிருக்காங்க, கடைசில டொலிடோ ஓஹையோவுக்குப் போச்சு, மிச்சிகனுக்கு அதுக்குப் பதிலா வடக்குல மேல் தீபகற்பம் கிடைச்சு 1837ல மாநிலம் ஆச்சு. ஃபுட்பால்ல முதல் தடவை மோதினது 1897, மிச்சிகன் 34க்கு 0. 1950ல கொலம்பஸ்ல பனிப்புயல்ல ஒரு மேட்ச், கிரவுண்டே தெரியல, மிச்சிகன் ஒரு தடவை கூட அந்த பத்து கெஜத்தை முழுசா எடுக்கல, ஆனா 9க்கு 3ன்னு ஜெயிச்சுட்டாங்க, அதை இன்னும் இங்க கிழவங்க நேத்து நடந்த மாதிரி பேசுவாங்க. 1969ல இருந்து பத்து வருஷம் ஓஹையோ கோச் வுடி ஹேயஸ், மிச்சிகன் கோச் போ ஷெம்பெக்லர், இதுல போ முன்னாடி வுடிகிட்டயே உதவி கோச்சா இருந்தவரு, குருவும் சிஷ்யனும் மோதினா எப்படி இருக்கும் பாருங்க.

அந்த வாரம் வந்துட்டா யுனிவர்சிட்டி வளாகத்துல பலகைல இருக்கிற எம் எழுத்தையெல்லாம் சிவப்பு டேப் போட்டு அடிச்சிருவாங்க, பில்டிங் பேரு, பார்க்கிங் பலகை எதுவா இருந்தாலும் சரி. நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஆபீஸ்ல ஒருத்தர் மீட்டிங்ல அந்த ஊரைப் பேரே சொல்லாம "வடக்குல இருக்கிற மாநிலம்"னுதான் சொன்னாரு, அவ்வளவு சீரியஸா சொன்னாரு.

ஆனா எனக்கு இந்த ஊர்ல உயிர்னா அது பேண்டுதான். குதிரை லாட வடிவத்துல இருக்கிற ஸ்டேடியம், 1922ல திறந்தது, அதுக்குள்ள பேண்டுக்காரங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நெளிஞ்சு நெளிஞ்சு நடந்து ஓஹையோன்னு கூட்டெழுத்துல கிரவுண்ட்ல எழுதுவாங்க, 1936ல இருந்து செய்றாங்க. கடைசில அந்த ஐ எழுத்து மேல புள்ளி வைக்கணும், அதுக்கு பெரிய சூசஃபோன் வாத்தியத்தைச் சுமந்துக்கிட்டு ஒரு மாணவர் காலை உயர உயரத் தூக்கி நடந்து வந்து நின்னு, தொப்பியைக் கழட்டி, ஸ்டேடியத்தோட ரெண்டு பக்கமும் குனிஞ்சு வணக்கம் சொல்வாரு. வருஷக்கணக்கா அந்த வாத்தியத்தை ஊதினவங்களுக்குத்தான் அந்த இடம். என் பையன் கிரேடு ஸ்கூல்ல "பெரியவனானா என்ன ஆவ"ன்னு கேட்டதுக்கு புள்ளி வைக்கிற ஆளுன்னு எழுதி வச்சான்.

2021ல இருந்து 2024 வரைக்கும் நாலு தடவையும் மிச்சிகன்கிட்ட தோத்தோம். 2024ல எங்க ஊர்லயே 13க்கு 10ன்னு தோத்து, மேட்ச் முடிஞ்சு மிச்சிகன் பசங்க எங்க கிரவுண்ட்ல அவங்க கொடியை நடப்போறாங்கன்னு கைகலப்பாகி போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடிச்சது, அதைப் பாத்து மனசு கஷ்டமாயிருச்சு, இத்தனைக்கும் அதே சீசன்ல தேசிய சாம்பியன் நாங்கதான். அந்தக் கப்பை வாங்கியும் நிறைய பேருக்கு ஆறல சார்.

நீங்க போங்க, கண்டிப்பா போங்க. டிக்கெட் விலை அந்த ஒரு மேட்சுக்கு ரொம்ப ஏறும், முன்னாடியே சொல்லிடறேன்.

நெப்ராஸ்கா_அக்கா:

அண்ணாச்சி, நான் தூத்துக்குடி, லிங்கன்ல இருக்கேன். மேல ரெண்டு பேரும் அவங்க ஊரைப் பெருமையாச் சொன்னாங்க, நானும் சொல்லாம விட முடியுமா.

எங்க மாநிலத்துல என்.எஃப்.எல். டீம் கிடையாது, என்.பி.ஏ. பாஸ்கெட்பால் டீம் கிடையாது, பேஸ்பால் பெரிய லீக் கிடையாது. சோளக்காடும் மாட்டுப் பண்ணையும்தான், இருக்கிறது நெப்ராஸ்கா யுனிவர்சிட்டி டீம் ஒண்ணுதான். சனிக்கிழமை மேட்ச்னா ஸ்டேடியத்துக்குள்ள இருக்கிற ஜனம்தான் மாநிலத்தோட மூணாவது பெரிய ஊர், ஒமாஹா, லிங்கன், அப்புறம் ஸ்டேடியம். 1962ல இருந்து ஒவ்வொரு மேட்சுக்கும் டிக்கெட் வித்துத் தீந்திருக்கு, 400 மேட்ச் தாண்டியாச்சு. டீம் 1990கள்ல மூணு தடவை தேசிய சாம்பியன் ஆச்சு, அதுக்கப்புறம் 1997க்கு மேல ஒண்ணும் இல்ல, ஆனாலும் ஜனம் வர்றது குறையல. அஞ்சு ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு மேற்கு மூலைல இருந்து வருவாங்க. அறுவடை நேரமா இருந்தா டிராக்டருக்குள்ள ரேடியோல கேப்பாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, மேட்ச் முடிஞ்சு எதிர் டீம் கிரவுண்டை விட்டுப் போகும்போது எங்க ஆளுங்க எழுந்து கைதட்டுவாங்க, நாங்க தோத்திருந்தாலும். நான் முதல்ல பாத்தப்போ எங்க அப்பா பாத்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாருன்னு நினைச்சேன், அவரும் ஊர்ல வாலிபால் ஆடினவரு.

வாலிபால்னதும் ஞாபகம் வந்துச்சு, இதைச் சொல்லத்தான் எழுதவே வந்தேன். 2023 ஆகஸ்ட் 30ஆம் தேதி, இதே ஃபுட்பால் ஸ்டேடியத்துல நடுவுல கோர்ட் போட்டு எங்க பெண்கள் வாலிபால் டீம் ஒமாஹா யுனிவர்சிட்டி கூட ஆடுனாங்க அண்ணாச்சி. 92,003 பேர் வந்தாங்க! காலேஜ் புள்ளைங்க வாலிபாலுக்கு! பெண்கள் விளையாட்டு மேட்சுக்கு இது உலக சாதனைன்னு அப்போ சொன்னாங்க. நான் என் மகளைக் கூட்டிட்டுப் போயிருந்தேன், எங்களுக்கு ரொம்ப மேல சீட்டு, புள்ளைங்க எறும்பு சைஸ்ல தெரிஞ்சாங்க, ஆனா ஒவ்வொரு ஸ்மாஷுக்கும் அந்த மொத்தக் கூட்டமும் எழுந்திருச்சு கத்துனப்போ என் மக என்னைத் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே. அடுத்த வாரமே ஸ்கூல் டீம்ல பேரு கொடுத்துட்டா.

பெரிய யுனிவர்சிட்டிகள்ல ஃபுட்பால்ல வர்ற பணத்துலதான் மத்த விளையாட்டு நிறைய ஓடுது, வாலிபால், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாம். 1972ல டைட்டில் நைன்னு ஒரு சட்டம் வந்துச்சு, அரசு பணம் வாங்குற எந்தப் படிப்பு நிறுவனமும் பொம்பளப் புள்ளைங்களைப் பாகுபாடு பண்ணக் கூடாதுன்னு, விளையாட்டுக்கும் அது பொருந்தும். ஃபுட்பால் கூட்டத்தை மட்டும் பாத்துட்டுப் போயிடாதீங்க, அந்தச் சட்டம் இல்லன்னா எங்க வாலிபால் புள்ளைங்களுக்கு இந்த இடம் வந்திருக்காது.

பர்மிங்காம்_அலபாமா:

சார், மேல எல்லாரும் அழகா எழுதியிருக்காங்க, எனக்கும் சனிக்கிழமைன்னா இந்த ஊர் பிடிக்கும். ஆனா உங்க ரெண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, பசங்களுக்கு என்ன கிடைக்குதுன்னு. நீங்க பசங்களை வளத்த வாத்தியார், அதனால மறைக்காம சொல்றேன்.

ரொம்ப காலமா ஸ்காலர்ஷிப்தான், அதாவது ஃபீஸ், தங்கற இடம், சாப்பாடு, புத்தகம். அதுக்கு மேல ஒரு ஜெர்ஸில கையெழுத்துப் போட்டு காசு வாங்கினா கூட தடை போட்டுடுவாங்க. அதே நேரத்துல கோச்சுக்கு வருஷத்துக்கு பல மில்லியன் டாலர். நிறைய மாநிலத்துல அரசு சம்பளம் வாங்கறவங்கள்லயே அதிகமா வாங்கறது கவர்னர் இல்ல, ஃபுட்பால் இல்லன்னா பாஸ்கெட்பால் கோச்சுதான். 2023ல டெக்ஸஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டி அவங்க கோச்சை வேலைய விட்டு அனுப்பறதுக்கே ஒப்பந்தப்படி 7.5 கோடி டாலருக்கு மேல கொடுக்க வேண்டி வந்துச்சு. சும்மா இருக்கறதுக்கு சார் அது. பெரிய டீம்கள்ல ஆடற பசங்கள்ல நிறைய பேர் வசதியில்லாத கறுப்பினக் குடும்பத்துல இருந்து வர்றவங்க, அவங்க உழைப்புல ஸ்டேடியம் எழும்புது, அவங்க அம்மா மேட்ச் பாக்க வர்றதுக்கு பஸ் காசுக்கு யோசிச்ச காலம் இருந்துச்சு.

2021ல மாறுச்சு. ஜூன்ல சுப்ரீம் கோர்ட் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல்ல மாணவ வீரர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னாங்க, ஜூலை 1ல இருந்து பசங்க தங்களோட பேரையும் படத்தையும் வச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு ஆச்சு. 2025 ஜூன்ல இன்னொரு வழக்கு சமரசமா முடிஞ்சு, இப்போ யுனிவர்சிட்டியே நேரடியா பசங்களுக்குப் பணம் கொடுக்கலாம், முதல் வருஷத்துக்கு ஒரு யுனிவர்சிட்டிக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும், எல்லா விளையாட்டுக்கும் சேத்து. பழைய ஆளுங்க இதனால ஆட்டத்தோட ஆத்மா போச்சுன்னு புலம்புவாங்க, பசங்க வருஷா வருஷம் டீம் மாறறாங்கன்னு கோவப்படுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கோச் ஊர் ஊரா மாறினப்போ யாரும் ஆத்மா பத்திப் பேசல.

படிப்பு? சில இடத்துல நல்லாப் பாத்துக்கறாங்க, தனி டியூட்டர் எல்லாம் உண்டு. ஆனா பயிற்சி, வீடியோ பாக்கறது, பயணம்னு முழு நேர வேலை மாதிரி ஆகிடுது. காலேஜ்ல ஆடறவங்கள்ல நூத்துல ரெண்டு பேர் கூட என்.எஃப்.எல். போறதில்ல, மீதிப் பேருக்கு அந்த டிகிரிதான் சோறு.

இப்போ அடி. ஆட்டம் ரொம்ப முரட்டுத்தனமாப் போகுதுன்னு 1905ல பிரசிடென்ட் தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய காலேஜ் ஆளுங்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினாரு, அந்த சீசன்ல செத்தவங்க எண்ணிக்கையைப் பாத்து நாடே பதறிச்சு, அதுக்கப்புறம்தான் 1906ல பந்தை முன்னாடி வீசறதை அனுமதிச்சு கும்பலா மோதறதைக் குறைச்சாங்க, காலேஜ் விளையாட்டை இன்னிக்கு நடத்தற என்.சி.ஏ.ஏ. அமைப்பும் அப்போ ஆரம்பிச்சதுதான். ஆனா தலை அடி போகல. போஸ்டன் யுனிவர்சிட்டி ஆளுங்க 2017ல வெளியிட்ட ஆய்வுல, இறந்த பிறகு குடும்பத்தார் தானமாக் கொடுத்த மூளைகள்ல, காலேஜ் வரைக்கும் ஆடின 53 பேர்ல 48 பேருக்கு அந்த சி.டி.இ. மூளைச் சிதைவு இருந்துச்சு. பிரச்சினை இருந்தவங்க குடும்பம்தான் பெரும்பாலும் கொடுத்திருப்பாங்க, அதனால எல்லாருக்கும் அப்படின்னு சொல்ல முடியாது, ஆனா 48ங்கறது சின்ன நம்பர் இல்ல சார். 2013ல இருந்து தலையைக் குறிவச்சு மோதினா ஆளை வெளியேத்தற ரூல் வந்திருக்கு.

வெறி எந்த அளவுக்குப் போகும்னா, எங்க மாநிலத்துலயே அலபாமா யுனிவர்சிட்டிக்கு எதிரியான ஆபர்ன் யுனிவர்சிட்டி இருக்கிற ஊர் முக்குல பழைய ஓக் மரங்கள், ஜெயிச்சா அதுல டாய்லெட் பேப்பரை வீசிக் கொண்டாடுவாங்க. 2010ல ஆபர்ன்கிட்ட அலபாமா தோத்ததுக்கு ஒரு அலபாமா ரசிகர் அந்த மரங்களுக்கு விஷம் வச்சாரு, ஜெயிலுக்கும் போனாரு, 2013ல மரங்களை வெட்ட வேண்டியதாப் போச்சு.

வேண்டாம்னு விட்ட யுனிவர்சிட்டியும் இருக்கு. சிகாகோ யுனிவர்சிட்டி ஒரு காலத்துல மிச்சிகன், ஓஹையோ ஆடற அதே லீக்ல பலமான டீம், சிறந்த காலேஜ் வீரருக்குக் கொடுக்கிற ஹைஸ்மன் டிராஃபி முதல் தடவை 1935ல அவங்க பையனுக்குத்தான், 1939ல இது படிப்புக்கு ஆகாதுன்னு டீமையே கலைச்சுட்டாங்க. சும்மா கிடந்த அந்த ஸ்டேடியத்தோட கேலரிக்குக் கீழதான் 1942 டிசம்பர்ல உலகத்தோட முதல் அணு உலையை ஓட விட்டாங்க. பிறகு ரொம்ப காலம் கழிச்சு சின்ன அளவுல, ஸ்காலர்ஷிப் இல்லாம திரும்ப ஆட ஆரம்பிச்சாங்க, இன்னிக்கும் ஆடறாங்க. அதுவும் ஒரு வழிதான்.

ரிட்டயர்டு_பிடி_வாத்தியார்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மகளை பக்கத்துல உக்கார வச்சு ஒவ்வொண்ணா படிச்சேன்.

அலபாமா தம்பி, நீங்க அடியைப் பத்தி எழுதினது நல்லது. நான் பாத்த மேட்ச்லயும் ரெண்டாவது குவார்ட்டர்ல ஒரு பையன் விழுந்து எந்திரிக்கல. ரெண்டு டீம் பசங்களும் ஒத்தை முட்டி போட்டு உக்காந்துட்டாங்க, அந்தக் கூட்டம் அப்படியே அடங்கிருச்சு. அவன் தோள்ல கைபோட்டு நடந்து வெளிய வந்ததும் எதிர் டீம் ஜனமும் கைதட்டுனாங்க. ஆனா ஒரு வாத்தியாரா எனக்கு உடனே வந்த கேள்வி இவனை இன்னிக்கு திரும்ப இறக்குவாங்களாங்கிறதுதான். இறக்கல, ஹெல்மெட்டை ஒரு ஆளு வாங்கி வச்சுக்கிட்டாரு, அவன் கேட்டும் கொடுக்கல. அதை நான் கண்ணால பாத்தேன்.

தூத்துக்குடி தங்கச்சி, அந்த 92,003 நம்பரை நோட்டுல எழுதி வச்சிருக்கேன். மாவட்டப் போட்டிக்கு நான் கூட்டிட்டுப் போன பொம்பளப் புள்ளைங்க டீம்ல பெத்தவங்க ஒருத்தர் கூட வராத வருஷம் இருந்திருக்கு, நானும் ஸ்கோர் எழுதுற பையனும்தான் கைதட்டுவோம். அதுல ஒரு புள்ள இப்போ போலீஸ்ல இருக்கு, வாலிபால் கோட்டாவுல போச்சு. அதுக்கு இந்த வீடியோவை அனுப்பணும், எங்க கிடைக்கும்?

ஹாக்கி மேட்ச் இந்த வாரமே போறோம், வீட்டம்மாவும் வர்றேன்னுட்டா.

அயோவா_கொங்கு:

வணக்கமுங்க சார். யூடியூப்ல நெப்ராஸ்கா வாலிபால் டே 2023ன்னு போட்டுத் தேடுங்க, நிறைய வருமுங்க.

நானு அயோவா சிட்டிங்க. எங்க கின்னிக் ஸ்டேடியத்தை ஒட்டியே குழந்தைங்க ஆஸ்பத்திரி, ஸ்டேடியத்தை விட உசரம். 2017ல இருந்து முதல் குவார்ட்டர் முடிஞ்சதும் ஸ்டேடியத்துல இருக்கிற அத்தனை பேரும், ரெண்டு டீமு, ரெஃப்ரீ எல்லாருமே, திரும்பி நின்னு அந்த ஆஸ்பத்திரி ஜன்னலைப் பாத்துக் கையை ஆட்டுவாங்க. ஒரு ரசிகை ஃபேஸ்புக்ல சொன்ன யோசனைங்க அது, யாரும் விளம்பரத்துக்குச் செஞ்சதில்ல.

நானு அதை உள்ளே இருந்து பாத்தனுங்க. எங்க அக்கா பையனுக்கு அங்க வைத்தியம் நடந்துச்சு, சனிக்கிழமை நர்ஸம்மா வந்து வீல்சேரோட மேல் மாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, ட்ரிப் ஸ்டாண்டும் கூடவே உருட்டிட்டு. அங்க ஏற்கனவே நிறைய பசங்க ஜன்னலோரமா. கீழ அத்தனை பேரும் திரும்பினதும் இவன் ஊசி குத்தாத கையைத் தூக்கி ஆட்டுனான், "மாமா அவங்க எனக்கா ஆட்டறாங்க"ன்னு கேட்டான், ஆமாடா உனக்குத்தான்னேன். இப்போ நல்லா இருக்கான், ஸ்கூல் போறான். அலபாமாக்காரர் எழுதின பணக்கணக்கு எல்லாம் உண்மைதானுங்க, நானு மறுக்கல. அதே ஆட்டத்துல இதுவும் இருக்குதுங்க, அதனால சொல்லோணும்னு தோணுச்சு.

வின்ட்சர்_யாழ்:

ஐயா வணக்கம். நான் ஆத்துக்கு இங்கால, கனடாப் பக்கம் வின்ட்சரிலை இருக்கிறன், ஆன் ஆர்பர் எங்களுக்கு ஒரு மணித்தியாலம்தான். கூட வேலை செய்யிற பெடியங்களோட நவம்பர் கடைசி மட்ச் ஒண்டுக்குப் போனனான், அதாலை குளிரைப் பற்றி மட்டும் சொல்லுறன், மிச்சத்தை எல்லாரும் வடிவா எழுதிப்போட்டினம்.

அந்த வாங்கு உலோகம், குளிர் நேரா மேல ஏறும். இருக்கிறதுக்கு ஒரு தடிச்ச மெத்தைத் துண்டு, காலுக்குக் கீழ போட ஒரு மட்டைப் பெட்டித் துண்டு கொண்டு போங்கோ, காலுக்கு ரெண்டு சோடி மேசு. பை கொண்டு போறதுக்குக் கட்டுப்பாடு இருக்கு, வெளிக்கிட முன்னம் ஸ்டேடியத்தின்ரை பக்கத்திலை பாத்திட்டு சாமானை கோட்டுப் பொக்கற்றுக்குள்ள வையுங்கோ. மட்ச் முடியேக்க ஒரு லட்சம் சனமும் ஒரே நேரம் வெளிய வரும், அரை மணித்தியாலம் இருந்த இடத்திலையே இருந்து பாண்ட் வாசிக்கிறதைக் கேட்டிட்டு ஆறுதலா வெளிக்கிடுங்கோ, உங்கடை மனிசியும் வந்தா படி ஏற நெருக்கம் இருக்காது. சிவப்புக் கோட்டு மட்டும் போட்டுக்கொண்டு போயிடாதேங்கோ, அது ஓஹையோ நிறம்.